இரவில் பூச்சி பிடிக்கும் வௌவால்: கணக்கெடுக்க வந்துவிட்டது ஒலிக்கருவி

சம்பாப் பயிர் தூர் கட்டும் நாட்களில், பொழுது சாய்ந்து கால் மணி நேரம் கழித்துப் பாகூர் ஏரிக்கரையிலோ, வில்லியனூரை ஒட்டிய சங்கராபரணி ஆற்றோரத்திலோ சற்று நின்று மேலே பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சிறிய கறுப்பு உருவங்கள் வளைந்து வளைந்து, நினைத்தாற்போல் திரும்பித் திரும்பிப் பறக்கும். குருவிகளெல்லாம் அடைந்துவிட்ட நேரம் அது. பறப்பவை வௌவால்கள்.

இவை பூச்சி தின்பவை, பயிருக்கு நண்பர்கள் என்று பாகூர் பக்கத்தில் இரண்டு காணி நெல் வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் சொன்னபோது, அவர் சட்டென்று ஒரு கேள்வி கேட்டார்: "தின்னுதுன்னு சொல்றீங்க சார், சரி. எவ்வளவு தின்னுது? எனக்கு ஒரு தெளிப்பு மிச்சமாகுமா?"

நியாயமான கேள்வி. நன்மை செய்யும் பிராணி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கடன் வாங்கி மருந்து அடிக்கிறவனுக்குக் கணக்கு வேண்டும். பகலில் உறங்கி, இருட்டில் பறந்து, நம் காதுக்கு எட்டாத குரலில் கத்தும் பிராணியின் சாப்பாட்டை எப்படிக் கணக்கெடுப்பது? இதற்குத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் இப்போது ஒலிப்பதிவுக் கருவிகளையும், நாம் மருந்து தெளிக்கப் பயன்படுத்துவது போன்ற ட்ரோன்களையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

எல்லா வௌவாலும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கி, கொய்யாவையும் மாம்பழத்தையும் பதம் பார்ப்பது பழந்தின்னி வௌவால். பெரிய உடல், பெரிய கண். அது கண்ணாலும் மூக்காலும் இரை தேடுகிறது. நாம் இங்கே பேசுவது பூச்சிதின்னி வௌவாலை. உள்ளங்கையில் அடங்கும் உடல், கடுகு போன்ற கண், உடலுக்குப் பொருந்தாத பெரிய காது. பனை மரத்தில் தொங்கும் காய்ந்த ஓலைகளுக்குள்ளும், ஓட்டு வீட்டின் இடுக்கிலும், பழைய கோயில் மண்டபத்தின் இருட்டிலும் பகலைக் கழிக்கும். பழத்தைத் தொடாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, தொல்லை தரும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் செய்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுபட்டுவிட்டது. ஆனால் ஒன்றன் கெட்ட பெயர் மற்றொன்றின் தலையிலும் விழுந்த கதை இன்னும் தீரவில்லை.

சிலந்திக்குக் கணக்கு உண்டு

புகையானுக்கு எப்போது மருந்து அடிக்க வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் அளவு வகுத்திருக்கிறது. தூருக்கு ஒரு பூச்சி தென்பட்டால் அடிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு பூச்சி வரும் வரை பொறுக்கலாம். அதாவது, சிலந்தி செய்யும் வேலைக்கு விஞ்ஞானம் மதிப்புப் போட்டு, நம் மருந்துச் செலவில் தள்ளுபடி கொடுத்திருக்கிறது. சிலந்தியைக் குனிந்து எண்ண முடிகிறது. அதனால் கணக்கில் ஏறியது.

வௌவாலுக்கு அப்படி ஒரு தள்ளுபடி எந்தச் சிபாரிசிலும் இல்லை. எண்ண முடியாத உழைப்புக்கு யார் கூலி போடுவார்கள்?

கிணற்றில் கொடுத்த குரல்

இறங்காத கிணற்றின் ஆழம் அறிய மேலிருந்து குரல் கொடுத்து, அது திரும்பி வரும் நேரத்தைக் கவனிப்பார்கள் பெரியவர்கள். வௌவால் செய்வதும் அதுதான். வாயாலோ மூக்காலோ குரல் கொடுக்கிறது. அது எதிரே வரும் பூச்சியில் பட்டுத் திரும்புகிறது. எதிரொலி வர எவ்வளவு நேரமாயிற்று, எந்தக் காதில் முதலில் விழுந்தது என்பதை வைத்துப் பூச்சியின் தூரத்தையும் திசையையும் கண்டுகொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1793-இல் இத்தாலியைச் சேர்ந்த ஸ்பல்லன்சானி, கண் தெரியாத வௌவாலும் தடங்கலின்றிப் பறப்பதைப் பார்த்துத் திகைத்தார். காதை அடைத்தால்தான் அது முட்டி மோதுகிறது என்பது அடுத்துத் தெரிந்தது. சத்தமே போடாத பிராணிக்குக் காது எதற்கு என்று அக்காலத்து அறிஞர்கள் சிரித்தார்கள். 1938-இல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர், பியர்ஸ் என்ற பேராசிரியரின் கருவிக்கு முன்னால் வௌவால் கூண்டைக் கொண்டுபோய் வைத்தார். சத்தமே போடாத பிராணி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயதானால் அதிலும் குறையும். வீட்டு இடுக்கில் குடியிருக்கும் சிறு வௌவால் 40,000-லிருந்து 50,000 வரையிலான அதிர்வில் கத்துகிறது. குகையில் வாழும் இலைமூக்கு வௌவால் ஒன்று 1,35,000 அளவில் கத்துகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் குரலின் உயரமும் அமைப்பும் வேறு. ஆகவே கருவியில் பதிந்த ஒலியைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டினால் நம் காதுக்கும் எட்டும். படமாக வரைந்தால் பறந்துபோனது எந்த இனம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நமக்கு இதைவிட முக்கியமானது இன்னொன்று. இரை தேடிப் பறக்கும்போது வௌவால் நொடிக்குப் பத்து முறை போலக் குரல் கொடுக்கும். பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, கவ்வப் போகும் கடைசிக் கணத்தில் நொடிக்கு 150, 200 என்று ஒரே ரீங்காரமாகிவிடும். கருவியில் 'டிக், டிக், டிக்' என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 'ட்ர்ர்ர்' என்று கிழிபட்டால், அந்த இடத்தில் ஒரு பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்தது என்று பொருள். ஓர் இரவில் ஒரு வயலின் மேல் எத்தனை பாய்ச்சல் என்று எண்ணிவிடலாம். சிலந்தியைக் குனிந்து எண்ணுவது போல, வௌவாலின் வேட்டையை இப்படிக் கேட்டு எண்ண வேண்டியதுதான்.

மதுரையில் நடந்த வேலை

இந்த ஆராய்ச்சி வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் வௌவால்களை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றவர்கள். ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்டு நாய்வைலர் மதுரைக்கு வந்து, 1980-களில் அங்குள்ள வௌவால் இனங்களின் குரல்களைப் பதிவு செய்தார்.

அவர் கண்டது சுவையானது. ஒரே ஊரின் வானத்தை வௌவால்கள் மாடி மாடியாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. தாழ்ந்த குரலில் கத்தும் இனங்கள் மரங்களுக்கு மேலே உயரத்தில் திறந்த வெளியில் வேட்டையாடுகின்றன. நடுத்தரக் குரல் உள்ளவை மரத்தலைகளைச் சுற்றி வருகின்றன. மிக உயர்ந்த குரல் உள்ளவை கிளைகளுக்கு இடையே புகுந்து பிடிக்கின்றன. தரையை ஒட்டிப் பறக்கும் பெரிய காது வௌவால் ஒன்று, பல நேரங்களில் தன் குரலைக்கூட நம்பாமல், சருகில் சுண்டெலி ஓடும் சலசலப்பைக் கேட்டே அதன்மேல் இறங்குகிறது என்று மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-இல் எழுதினார்கள். தவளையும் அதற்கு இரை. வரப்பில் எலிக்கிடுக்கி வைக்கும் விவசாயிக்கு இது கூலியில்லா ஆள்.

வால்பாறையிலும் ஒலிப்பதிவு நடந்தது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முடப்பாவும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஆனைமலைப் பகுதி வௌவால்களின் குரல்களைப் பதிந்து, இனவாரியாக அடையாளக் குறிப்பு தயாரித்து 2014-இல் வெளியிட்டார்கள். பின்னர் அவர்கள் தோட்டங்களையும் காட்டையும் ஒப்பிட்டபோது, நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டத்தில் வௌவால் நன்றாகவே வாழ்கிறது; ஒரே சீராகக் கத்தரித்த தேயிலைச் சரிவில்தான் குறைந்துவிடுகிறது என்று தெரிந்தது. பயிர் வைப்பதால் வௌவால் ஓடுவதில்லை. தங்கவும் ஒதுங்கவும் மரம் இல்லாமற் போனால் ஓடுகிறது.

ட்ரோன் எதற்கு?

கருவியைக் கம்பத்தில் கட்டி வைத்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. உயர்ந்த அதிர்வுள்ள ஒலி காற்றில் விரைவில் கரைந்துவிடும். தரையில் வைத்த கருவிக்குச் சில பத்து மீட்டருக்கு அப்பால் கத்தும் வௌவால் பெரும்பாலும் எட்டாது. வேட்டையோ அதற்கு மேலேதான் மும்முரம். புகையானும் தத்துப்பூச்சியும் நம் வயலிலேயே முளைத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. அவை காற்றோடு மேலே எழும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியவை. இந்தோ-சீன நாடுகளிலிருந்து கிளம்பும் புகையான் சீனாவையும் ஜப்பானையும் அடைவது தெரிந்த விஷயம். பூச்சி வயலில் இறங்குவதற்கு முன்பே வானத்தில் வௌவால் வாயில் சிக்குகிறதா என்று அறிய, மேலேதான் போக வேண்டும்.

இதற்காக முன்பு பலூனிலும் காற்றாடியிலும் கருவியைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். பருத்தியையும் சோளத்தையும் தாக்கும் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிகள் கூட்டமாக இடம்பெயரும் உயரத்திலேயே வௌவால்கள் அவற்றை விரட்டித் தின்பது டெக்சாஸில் இப்படித்தான் தெரிந்தது. பலூன் காற்றடித்த பக்கம் போகும். நினைத்த இடத்தில் நிற்காது. ட்ரோன் நிற்கும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் லாரா கிளோப்பர் குழுவினர், நான்கு விசிறி கொண்ட ட்ரோனில் ஒலிவாங்கியையும், உடல் வெப்பத்தைக் காட்டும் காமிராவையும் பொருத்தி, குகையிலிருந்து கூட்டமாக வெளிவரும் வௌவால்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். 2018-இல் அதன் விவரம் வெளியாயிற்று. இதில் ஒரு தொல்லை. மருந்து ட்ரோன் வயலுக்கு வந்தால் நாலு வயல் தள்ளிப் பேசுவது காதில் விழாது அல்லவா? அந்த விசிறிச் சத்தம் வௌவால் கேட்கும் உயரத்திலும் இருக்கிறது. ஒலிவாங்கியை விசிறியிலிருந்து தள்ளிப் பொருத்தி, சத்தம் அண்டாமல் தடுப்பு வைத்துத்தான் பதிவு செய்ய முடிந்தது. ட்ரோனைக் கண்டு வௌவால்கள் மிரள்கின்றனவா என்பதையும் உடன் கவனித்தார்கள். அதே அம்மையார் அதற்கு முன்பு, பழக்கிய பருந்து ஒன்றின் முதுகில் கருவியைக் கட்டி வௌவால் கூட்டத்துக்குள் பறக்கவிட்டதும் உண்டு! பருந்துக்கு விசிறிச் சத்தம் கிடையாது.

ஒலியை வைத்து எண்ணும் இம்முறை நீரிலும் பலித்திருக்கிறது. கங்கையில் வாழும் ஓங்கிலுக்குக் கண் பார்வை இல்லாத குறைதான். கலங்கல் நீரில் அதுவும் எதிரொலியால்தான் மீன் பிடிக்கிறது. படகிலிருந்து கண்ணால் பார்த்தும், நீருக்குள் ஒலிவாங்கி இறக்கியும் கணக்கெடுத்து, நம் நாட்டு ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது.

இனி அந்த விவசாயியின் கேள்விக்கு

தாய்லாந்தில் குகைகளில் லட்சக்கணக்கில் வாழும் ஒரு வௌவால் இனம், நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்கிறது. அதன் எச்சத்தைச் சோதித்தும் எண்ணிக்கையை மதிப்பிட்டும் ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: இந்த ஓர் இனம் ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் நெல் நஷ்டத்தைத் தடுக்கிறது. ஏறக்குறைய 26,000 பேருக்கு ஓராண்டுச் சாப்பாடு. ராஜபுரி மாநிலத்துக் குகை ஒன்றில் சேரும் வௌவால் எச்சத்தை அங்குள்ள புத்தர் கோயில் உரமாக விற்றுப் பணமும் பார்க்கிறது.

ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் படுகையில் நெல் விளைகிறது. அங்கே குருத்துப்பூச்சி, நம்முடையதற்குப் பங்காளி. வயலோரக் கம்பங்களில் மரப்பெட்டிகளை மாட்டி வௌவாலைக் குடியேற்றினார்கள். தாய்ப்பூச்சி கூடிய இரவுகளில் கருவியில் பதிந்த வௌவால் ஒலியும் கூடியது. பூச்சித் தொல்லை தணிந்தது.

மாறாக, வௌவால் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2006 முதல் அங்கே ஒரு பூஞ்சாண நோய் வௌவால்களைக் கூட்டம் கூட்டமாக மாய்த்தது. நோய் பரவிய மாவட்டங்களில் விவசாயிகள் அடித்த பூச்சிமருந்து சராசரி 31 சதவீதம் உயர்ந்தது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏயல் ஃபிராங்க் 2024-இல் கண்டார். அந்த மாவட்டங்களில் விபத்து முதலியன நீங்கலான குழந்தை இறப்பும் ஏறக்குறைய 8 சதவீதம் கூடியது என்பது அவர் சொன்ன அடுத்த செய்தி.

தாய்லாந்துக் கணக்கை அப்படியே பாகூருக்குப் பெருக்கிப் பார்ப்பது சரியாகாது. அங்கே ஒரு குகையிலிருந்து புகை போல லட்சம் லட்சமாகக் கிளம்புகின்றன. நமக்கு மலையும் இல்லை, குகையும் இல்லை. இங்குள்ளவை பனையிலும் கூரையிலும் பத்தும் இருபதுமாகச் சிதறி வாழ்பவை. ஆகவே "ஒரு தெளிப்பு மிச்சம்" என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எண்ணினால்தான் இங்குள்ள கணக்கு கிடைக்கும் என்றேன். எண்ணுவதற்கான செலவு இப்போது வெகுவாக இறங்கிவிட்டது. தீப்பெட்டி அகலத்தில், மூன்று சிறு பேட்டரியில் இயங்கும் பதிவுக்கருவியை இங்கிலாந்தில் வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியில் செருகும் ஒலிவாங்கியும் உண்டு. ஒரு கல்லூரி மாணவர் குழு, பனை உள்ள வரப்பில் ஒன்றும் பனை இல்லாத வரப்பில் ஒன்றுமாக இரு கருவிகளை ஒரு சம்பா முழுதும் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை குருத்துப்பூச்சி முட்டைக் குவியலையும் எண்ணினால், அவருடைய கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ட்ரோன் அதற்குப் பிறகு போதும். அதிலும் லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலிருப்பதால், அனுமதி விதிகளைப் பார்த்துத்தான் பறக்கவிட வேண்டும்.

அதுவரை கவனிக்க வேண்டியவை

பனை கழிக்கும்போது எல்லா மரத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். காய்ந்த ஓலைகள் பாவாடை போலத் தொங்கும் மரங்கள் சிலவற்றை வரப்புக்கு ஒன்றாக விட்டுவைத்து, அடுத்த ஆண்டு முறை மாற்றிக் கழிக்கலாம். பெரும்பாலான வௌவால்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். சில சிறு இனங்கள் இரண்டு போடும். எலி போலப் பெருகாது. ஒரு மரத்துக் கூட்டம் அழிந்தால் திரும்பச் சேர வருடங்கள் ஆகும்.

திருநெல்வேலிச் சீமையில், நெல் வயல்களுக்கு நடுவே உள்ள பழைய கோயில்கள்தாம் வௌவால்களுக்குப் பெரிய புகலிடம் என்று ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கும்போது, சன்னிதியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, யாரும் புழங்காத மூலை ஒன்றை இருட்டாகவே விட்டுவிட முடியுமா என்று திருப்பணிக் குழுவினர் யோசிக்கலாம். இதில் எல்லோரும் ஒப்ப மாட்டார்கள். வாடை இருக்கத்தான் செய்யும்.

புகையானுக்குப் பயந்து முன்கூட்டியே மருந்து அடிப்பதும், பைரித்திராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடிப்பதும், சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். வௌவாலுக்கும் இரையோடு விஷம் சேரும். தூரை விலக்கிப் பார்த்து, எண்ணிய பிறகே முடிவு செய்யுங்கள். எண்ணும் முறையில் சந்தேகம் இருந்தால் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. காலையில் வாசலில் வௌவால் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். குழந்தைகளையும் தொடவிட வேண்டாம். கடித்தால் வெறிநோய்க்கு இடமுண்டு. கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உயிரோடிருந்தால் முறத்திலோ அட்டையிலோ தள்ளி ஏற்றி, நிழலான மரத்தடியில் உயரமான இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் அதுவே கிளம்பிவிடும்.